கொக்கியில் தொங்கும் ஆறாம் வேற்றுமை

இந்தியாவில் ஆங்கிலம் படிக்கும் மாணவருக்கு அம்மொழியின் ஆறாம் வேற்றுமை ஓர் உறவாக அறிமுகமாவதில்லை. ஒரு கொக்கியாகவே அறிமுகமாகிறது. அபாஸ்ட்ரஃபி எனப்படும் அந்த மேற்குறியை எங்கே இடுவது, எங்கே விடுவது என்பதே பாடம். இட வேண்டிய இடத்தில் இடாதவரும் விட வேண்டிய இடத்தில் இட்டவரும் ஒன்றுபோல 'இலக்கணம் தெரியாதவர்' ஆகின்றனர். தேர்வுத்தாளில் அரை மதிப்பெண்ணாகத் தொடங்கும் இத்தீர்ப்பு, வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தைப் படிக்கும் அதிகாரியின் உதட்டுச் சுழிப்பு வரை நீள்கிறது. தண்டிக்கப்படுவது இலக்கணப் பிழைதானா என்ற கேள்வியை மட்டும் எவரும் எழுப்புவதில்லை.

அது பெரும்பாலும் எழுத்து மரபுப் பிழையே அன்றி இலக்கணப் பிழை அன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காதே சொல்லிவிடும். ஏறத்தாழ எல்லா இந்திய நகரங்களிலும் 'பாய்ஸ் ஹாஸ்டல்' என்ற பலகை உண்டு. அதில் 'பாய்ஸ்' என்ற சொல்லை மேற்குறி இல்லாமல் எழுதலாம். கடைசி எழுத்துக்கு முன்னே குறியிட்டு எழுதலாம். கடைசி எழுத்துக்குப் பின்னே குறியிட்டும் எழுதலாம். முதலாவது வெறும் பன்மை, இரண்டாவது ஒரே ஒரு பையனுக்குரியது, மூன்றாவது பல பையன்களுக்குரியது என்பது பாடநூல் தரும் விளக்கம். ஆயினும் மூன்றின் ஒலிப்பும் ஒன்றுதான். லண்டனில் பிறந்து வளர்ந்தவர் வாயிலும் அது ஒன்றுதான். பேச்சில் இல்லாத ஒரு வேறுபாட்டைத் தாளில் காட்ட ஏற்பட்ட ஏற்பாட்டை மொழியின் இலக்கணமாகவே எண்ணிவிடுவது, அணிந்திருக்கும் சட்டையை உடம்பென்று எண்ணுவது போன்றது.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 5 அன்றும் நவம்பர் 14 அன்றும் பள்ளிவாயில்களில் கட்டப்படும் துணிப்பதாகைகள் இதற்கு நல்ல சான்றுகள். 'டீச்சர்ஸ் டே' மூன்று வடிவங்களிலும் எழுதப்படுகிறது. எந்த வடிவத்தைப் பார்த்தவரும், விழா ஓர் ஆசிரியருக்கா பல ஆசிரியர்களுக்கா என்று தடுமாறியதில்லை. 'சில்ரன்ஸ் டே' என்பதில் குறியை எழுத்துக்கு முன்னே இட வேண்டும் என்பது விதி. 'சில்ரன்' ஏற்கெனவே பன்மை என்பது காரணம். விதி சரியானதே. அதை அறியாத ஒருவருக்குக் குழந்தைகளைப் பற்றியும் தெரியாது, பன்மையைப் பற்றியும் தெரியாது என்று முடிவுகட்டுவதுதான் தவறு.

இக்குறியின் வரலாற்றைச் சற்றே புரட்டினாலும் அதன் புனிதம் கலைந்துவிடும். பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்கள் ஆறாம் வேற்றுமையில் 'எஸ்' என்ற அசையை உருபாக ஏற்றன. காலப்போக்கில் அவ்வசையின் உயிரொலி பெரும்பாலான சொற்களில் தேய்ந்து மறைய, இறுதி மெய் மட்டும் எஞ்சிற்று. மேற்குறியோ 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழக்கைப் பின்பற்றி, விடுபட்ட எழுத்தைக் காட்டுவதற்காக ஆங்கில அச்சுக்குள் நுழைந்தது. அக்காலத்தில் அது உடைமைக் குறி அன்று; விடுபாட்டுக் குறி. ஒருமைப் பெயரின் உடைமைக்கு உரிய குறியாக அது நிலைபெற மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பன்மைக்குப் பின்னே குறியிடும் வழக்கம் அதற்கும் பிந்தியது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் அது பரவலாயிற்று.

இடைக்காலத்தில் ஒரு வேடிக்கையான குழப்பமும் நேர்ந்தது. பெயரின் ஈற்றில் ஒலிக்கும் அந்த மெய், 'ஹிஸ்' என்ற சொல்லின் சுருக்கமே என்று கற்றவர்களில் பலரே நம்பினர். 1605இல் அச்சான பென் ஜான்சனின் நாடகத்துக்கு 'செஜானஸ் ஹிஸ் ஃபால்' என்று தலைப்பிடப்பட்டது அந்த வழக்கின்படியே. பெண்பாற் பெயரோடும் பன்மைப் பெயரோடும் அதே ஒலிதான் வருகிறது. அங்கே 'அவனுடைய' என்ற சொல்லுக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தால் அக்கொள்கை அப்போதே சரிந்திருக்கும்.

'இட்ஸ்' என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. இந்திய மாணவர் மிகுதியாக மதிப்பெண் இழக்கும் இடங்களுள் இது ஒன்று. உடைமைப் பொருளில் குறி கூடாது. 'இட் இஸ்' என்பதன் சுருக்கமானால் குறி வேண்டும். விதியை மனப்பாடம் செய்வது எளிது, நம்புவதுதான் கடினம். ஏனெனில், பெயர்ச்சொல்லின் உடைமைக்குக் குறி கட்டாயம் என்று முந்தைய வகுப்பில் சொன்ன அதே ஆசிரியர், பிரதிப்பெயரின் உடைமைக்குக் குறி குற்றம் என்று இந்த வகுப்பில் சொல்கிறார். முதல் விதியைச் சீராகப் பின்பற்றும் பிள்ளையே இங்கே தவறுகிறது. அதாவது, தர்க்கமாகச் சிந்தித்ததற்காகத் தண்டனை பெறுகிறது.

இச்சொல்லே ஆங்கிலத்தில் காலந்தாழ்ந்து வந்த ஒன்று. அஃறிணைக்கும் 'ஹிஸ்' என்பதே பழைய வழக்கு. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தின் முதற்பதிப்பில் 'இட்ஸ்' என்ற சொல்வடிவமே இல்லை. 1623இல் வெளிவந்த ஷேக்ஸ்பியரின் முதல் நாடகத் தொகுப்பில் உடைமைப் பொருளில் வரும் 'இட்ஸ்' மேற்குறியோடும் அச்சாகியிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு வரையிலும் நன்கு கற்ற ஆங்கிலேயர் குறியோடு எழுதிவந்த வடிவத்தைத்தான் இன்று ஒன்பதாம் வகுப்பு மாணவியின் தாளில் சிவப்பு மை வட்டமிடுகிறது. விடுப்பு விண்ணப்பத்தின் அடியில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்பதற்குக் குறியிடும் எழுத்தருக்கும் இதே ஆறுதல் பொருந்தும். அவ்வடிவமும் ஒரு காலத்து ஆங்கிலக் கடிதங்களில் இயல்பாக வழங்கியதுதான்.

ஆங்கிலேயரே இன்று இக்குறியை ஒரே மனத்துடன் காப்பதில்லை. பிரிட்டனின் பெரும் புத்தகக்கடை நிறுவனமான வாட்டர்ஸ்டோன்ஸ் 2012இல் தன் பெயரிலிருந்து மேற்குறியை நீக்கிவிட்டது. அமெரிக்காவில் 1890 முதல் இயங்கும் இடப்பெயர் வாரியம், ஊர்ப்பெயர்களில் உடைமை மேற்குறியை விரல்விட்டு எண்ணத்தக்க விதிவிலக்குகள் தவிர ஏற்பதில்லை. இதனால் எந்த ஊரும் வரைபடத்தில் தொலைந்துவிடவில்லை.

குறியைப் பற்றிய இந்த அளவுகடந்த கவலை, அதற்குப் பின்னாலுள்ள மெய்யான இலக்கணத்தை மறைத்துவிடுகிறது என்பதே இங்கு முதன்மையான குறை. ஆங்கிலத்தின் உடைமை வடிவங்களில் கற்க வேண்டியவை நிறைய உள்ளன. அவற்றுள் பலவற்றை இந்திய மாணவர் தம் தாய்மொழியின் துணைகொண்டே விரைவில் கற்றுவிடலாம். வேறு சிலவற்றில் தாய்மொழியே அவரை வழிதவறச் செய்யும். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் பாடம்தான் பள்ளியில் இல்லை.

'ஹிஸ்', 'ஹெர்' என்ற இணையை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் பாலை முடிவுசெய்வது உடையவர். உடைமைப் பொருள் அன்று. தமிழிலும் அப்படியே: அவனுடைய தங்கை, அவளுடைய தம்பி. எனவே தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே இடர்ப்பாடு குறைவு. இந்தியில் நிலைமை வேறு. அங்கே 'உஸ்கா', 'உஸ்கீ' என்ற வேறுபாடு உடைமைப் பொருளின் பாலைப் பொறுத்தது. சீதையின் தம்பியும் 'உஸ்கா பாஈ', இராமனின் தம்பியும் 'உஸ்கா பாஈ'. தம்பி ஆண்பால் என்பதால், சீதையைப் பற்றிப் பேசும்போதும் 'ஹிஸ் பிரதர்' என்று சொல்லும் சாய்வு இந்தி பேசும் பிள்ளைக்கு ஏற்படுவது இயற்கை. வங்காளத்தில் படர்க்கைப் பிரதிப்பெயருக்குப் பால் வேறுபாடே கிடையாது. 'தார்' என்பது அவனுடையதும் அவளுடையதும் ஆகும். ஆக, ஒரே பிழை மூன்று மாநிலங்களில் மூன்று காரணங்களால் நேரலாம். கொல்கத்தாப் பிள்ளைக்கும் லக்னோப் பிள்ளைக்கும் ஒரே பயிற்சித்தாளைக் கொடுத்து ஒரே சிவப்பு மையால் திருத்துவது, நோயை அறியாமல் எல்லோருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

'மை', 'மைன்' இணையில் தமிழர் மேலும் பேறுபெற்றவர். 'என்', 'என்னுடையது' என்ற வேறுபாடு இவ்விணைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது: முன்னது பெயருக்கு முன்னே வரும், பின்னது தனித்து நிற்கும். இந்தியில் 'மேரா' என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்துவிடுகிறது. தமிழ் ஆசிரியர் இரண்டு வாக்கியங்களில் விளங்கவைத்துவிடக்கூடிய இப்பாடம், பெரும்பாலான வகுப்புகளில் ஓர் அட்டவணையாக ஒப்பிக்கப்படுகிறது.

மாறாக, 'மை ஒன் ஃபிரெண்டு' என்று இந்தியா முழுவதும் வழங்கும் தொடரில் சிக்கல் மெய்யானது. தமிழில் 'என் நண்பர் ஒருவர்', இந்தியில் 'மேரா ஏக் தோஸ்த்' என்பனவற்றின் நேர்நிழல் அது. ஆங்கிலேயர் காதுக்கு அத்தொடர், 'எனக்கிருக்கும் ஒரே நண்பர்' என்பது போல் ஒலிக்கும். அவர்கள் வழக்கில் 'எ ஃபிரெண்டு ஆஃப் மைன்' என்பதே பொருத்தம். உடைமையும் நிச்சயமின்மையும் ஒரே பெயரின் முன்னே அடுத்தடுத்து நிற்க முடியாத மொழியில் அதற்கென ஏற்பட்ட வழி அது. இங்கே பொருளே மாறிவிடுகிறது; கேட்பவர் வேறொன்றைப் புரிந்துகொள்கிறார். ஆனால் இது பாடத்திட்டத்தின் ஓரத்தில் கிடக்க, 'இட்ஸ்' நடுவில் அமர்ந்திருக்கிறது.

'தன்' என்ற சொல் மற்றோர் எடுத்துக்காட்டு. 'முருகன் கண்ணனைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றான்' என்ற தமிழ் வாக்கியத்தில் வீடு யாருடையது என்ற ஐயமே இல்லை. இந்தியின் 'அப்னா'வும் இவ்வேலையைச் செய்கிறது. ஆங்கிலத்தின் 'ஹிஸ்' இவ்வேறுபாட்டைக் காட்டாது. வீடு முருகனுடையதாகவும் இருக்கலாம், கண்ணனுடையதாகவும் இருக்கலாம். அதுபோலவே 'நம்', 'எங்கள்' என்ற தமிழ் வேறுபாடும், மராட்டி, குஜராத்தி ஆகியவற்றில் உள்ள அதற்கு நிகரான வேறுபாடும் ஆங்கிலத்தின் 'அவர்' என்ற ஒற்றைச் சொல்லில் கரைந்துவிடுகின்றன. கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிறாரா, விலக்குகிறாரா என்பது அச்சொல்லிலிருந்து தெரியாது. ஒப்பந்தமோ மனுவோ எழுதுபவருக்கு இந்த அறிவு மேற்குறி அறிவைவிடப் பன்மடங்கு தேவையானது.

உயிருள்ளவற்றுக்கு உருபு, உயிரற்றவற்றுக்கு 'ஆஃப்' என்ற விதியையும் இங்கே சொல்ல வேண்டும். தலைமுறைகளாக இந்தியப் பள்ளிகளை ஆண்டுவரும் ரென்–மார்ட்டின் மரபு, உடைமை வேற்றுமை பெரும்பாலும் உயிருள்ளவற்றுக்கே உரியது என்று கற்பித்து, காலம், தொலைவு முதலியவற்றுக்கு விலக்களித்தது. வகுப்பறையில் அந்தப் 'பெரும்பாலும்' உதிர்ந்து, விதி மட்டும் எஞ்சிற்று. எந்த நாளின் ஆங்கில நாளிதழைப் பிரித்தாலும் நாட்டின் பொருளாதாரம், நகரத்தின் சாலைகள், படத்தின் வசூல் யாவும் உருபேற்றே நிற்கின்றன. உயிருடைமை ஒரு சாய்வுதான். பெயர்த்தொடரின் நீளம், அது முன்பே பேசப்பட்டதா என்பது, ஈற்றொலி ஆகியனவும் சேர்ந்தே தேர்வை முடிவுசெய்கின்றன. சாய்வைச் சட்டமாக்கிப் பரீட்சை வைப்பது, மொழியைப் பார்க்காமல் இலக்கண நூலை மட்டும் பார்த்ததன் விளைவு.

இவ்வளவுக்கும் அடியில் 'உடைமை' என்ற பெயரே ஒரு தடையாக இருக்கிறது. தொல்காப்பியமும் நன்னூலும் ஆறாம் வேற்றுமையின் பொருளைக் 'கிழமை' என்றே குறித்து, அதைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பிரித்தன. கண்ணனது கை பிரிக்க முடியாத உறவு. கண்ணனது வீடு பிரிக்கத்தக்க உறவு. பாணினியோ ஆறாம் வேற்றுமையைச் செயலோடு தொடர்புடைய காரகங்களுள் ஒன்றாகவே வைக்காமல், பிற வேற்றுமைகளுக்குள் அடங்காது எஞ்சிய உறவுகளுக்கு உரியதாக்கினார். இரு மரபுகளும் உணர்ந்திருந்த உண்மை ஒன்றே: இவ்வேற்றுமை காட்டுவது சொத்துரிமையை மட்டும் அன்று, உறவுகளின் ஒரு பெரும் வரிசையை. தாஜ்மகாலின் நிழல், தாயின் மரணம், நேற்றைய செய்தித்தாள் ஆகியவற்றில் யார் எதை உடைமையாகக் கொண்டிருக்கிறார்? ஆங்கில உருபும் இதே வரிசையைத்தான் தாங்குகிறது. 'உரிமையாளர் யார்' என்று மட்டும் கேட்கப் பழக்கப்பட்ட பிள்ளைக்கு இதில் பாதி விளங்காமலே போய்விடும்.

இந்தியக் குடிமக்களின் வாழ்வில் ஆங்கில ஆறாம் வேற்றுமை எங்கே நிற்கிறது என்று பார்த்தால் இதன் கனம் தெரியும். 'ஃபாதர்ஸ் நேம்', 'ஹஸ்பண்ட்ஸ் நேம்' என்ற கட்டங்களும், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்பதைக் குறிக்கும் சாய்கோட்டுச் சுருக்கங்களும் இல்லாத அரசுப் படிவங்கள் குறைவு. வருமானவரி விதிகளில் 2018இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின்னரே, தாயை மட்டுமே பெற்றோராகக் கொண்டவர் தந்தை பெயர் தராமல் நிரந்தரக் கணக்கு எண்ணுக்கு விண்ணப்பிக்க வழி பிறந்தது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் ஆண்பால் பிரதிப்பெயரும் அதன் வழிச்சொற்களும் ஆண், பெண் இருவரையும் குறிக்கும் என்றது. 2023இல் இயற்றப்பட்ட பாரதிய நியாய சன்ஹிதா திருநரையும் அதில் சேர்த்தது. ஆக, 'ஹிஸ்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பது நாடாளுமன்றம் வரை சென்று முடிவாகும் கேள்வி. அதே சொல்லைப் பள்ளி ஒரு கோடிட்ட இடமாக மட்டுமே அறிமுகம் செய்கிறது.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. குறிகள் வெறும் மரபு என்று சொல்லித் தளர்த்திவிட்டால், பாதிக்கப்படுவோர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளே. வசதியான வீட்டுப் பிள்ளை புத்தகங்களைப் படித்தே மேற்குறியைப் பழகிக்கொள்ளும்; மற்றப் பிள்ளைக்கு வகுப்பறையை விட்டால் வேறு வாயில் இல்லை. ஆங்கிலம் இந்நாட்டில் வடிகட்டியாக இருக்கும்வரை, வடிகட்டியின் கண்கள் எத்தகையவை என்பதைப் பிள்ளைக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இவ்வாதம் குறியைக் கற்பிக்க வேண்டும் என்பதற்குச் சான்றாகுமே தவிர, குறியை இலக்கணமாகக் கற்பிக்க வேண்டும் என்பதற்குச் சான்றாகாது. இது அச்சு மரபு, இவ்வாறு எழுதுவது வழக்கம், இவ்வளவே காரணம் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கற்பித்தால் ஒன்றிரண்டு பாடவேளைகளில் முடிந்துவிடும். காரணமில்லாத ஒன்றுக்குக் காரணம் தேடிக் களைக்க வைப்பதால்தான் அது ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அதைவிட முக்கியமானது, பிழை செய்த பிள்ளை தன்னை அறிவற்றவராக எண்ணிக்கொள்ளாது. ஒரு வழக்கத்தை இன்னும் பழகவில்லை என்று மட்டும் எண்ணும். 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்று தீர்மானித்து வாயை மூடிக்கொள்ளும் மாணவருக்கும், பிழையோடேனும் பேசத் துணியும் மாணவருக்கும் இடையே உள்ள தொலைவு பெரும்பாலும் இந்த எண்ணத்தின் தொலைவே.

செய்ய வேண்டியவை பெரும் சீர்திருத்தங்கள் அல்ல. மதிப்பீட்டில் எழுத்து மரபுப் பிழையையும் பொருட்பிழையையும் தனித்தனியே எண்ணலாம். கோடிட்ட இடங்களுக்குப் பதிலாக, 'இந்த வீடு யாருடையதாக இருக்கலாம்?' என்று கேட்கும் வினாக்களை வைக்கலாம். ஆசிரியர் பயிற்சியில் அந்தந்த மாநில மொழியின் ஆறாம் வேற்றுமையை ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுக் காட்டும் ஒரு சிறு கையேட்டைச் சேர்க்கலாம். 1969 முதல் மைசூரில் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும், ஐதராபாத்தின் ஆங்கில – அயல்மொழிப் பல்கலைக்கழகமும் இதற்குத் தேவையான அறிவைப் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கின்றன. பொருளில் கவனம் குவியும்போதே இலக்கணம் மனத்தில் படியும் என்ற கருத்தை, 1979 முதல் 1984 வரை பெங்களூரை மையமாகக் கொண்டு தென்னிந்தியப் பள்ளிகளில் நடந்த என்.எஸ்.பிரபுவின் திட்டம் உலகக் கவனத்துக்குக் கொண்டுசென்றது. வெளியூரிலிருந்து மருந்து வரவழைக்க வேண்டிய நிலை இந்தியாவுக்கு இல்லை.

'ராம் கா', 'ராமனின்', 'ராமேர்' என்று தன் மொழியில் நாள்தோறும் பிழையின்றி ஆறாம் வேற்றுமையை ஆளும் பிள்ளைக்கு அவ்வேற்றுமை புதியதன்று. புதியது அதன் ஆங்கில உடை மட்டுமே. தெரிந்த ஒன்றிலிருந்து தெரியாததற்கு வழிகாட்டுவதே கல்வி என்றால், அப்பிள்ளைக்கு முதலில் சொல்லப்பட வேண்டியது, 'உனக்கு இது ஏற்கெனவே தெரியும்' என்பதே. மேற்குறியை அதற்கு மறுநாள் கற்பிக்கலாம்.